மூன்றாம் சரணமும் டாப் கோட்டும்

என் மாமாவின் குரல் உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் மிச்சம் இருந்தது: சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறிய ஒரு கருப்பு ரெக்கார்டில், இரண்டாம் பக்கத்தில், முதல் பாட்டின் மூன்றாம் சரணத்தில். அதை என்னிடம் ஒப்படைக்க அத்தை வேலூரிலிருந்து ஆம்பூருக்கு பஸ்ஸில் வந்தார். ரெக்கார்டைத் தலையணை உறைக்குள் போட்டு, உறையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி வந்திருக்கிறார். பக்கத்து சீட்டுப் பெண்மணி கைக்குழந்தை என்று நினைத்து எட்டிப் பார்த்தாராம்.

மாமா என்றால் அத்தையின் கணவர். பள்ளிக்கூட அலுவலகத்தில் டைப்பிஸ்ட். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் பாட்டுக்குழுவின் முதல் குரல். எழுபதுகளில் அந்தக் குழு தாங்களே மெட்டுப் போட்ட நான்கு பாட்டுகளை மதராசில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போய்ப் பாடி, சொந்தச் செலவில் ரெக்கார்டாக வெளியிட்டது. கேசட் வந்த பிறகு அந்த ரெக்கார்டுகளை யாரும் பொருட்படுத்தவில்லை. வீடு மாறும்போது உடைந்தன, பரணில் வெயில் பட்டு வளைந்தன, பிள்ளைகள் வீசி விளையாடித் தொலைத்தார்கள். அத்தை விசாரித்த எல்லா வீட்டிலும் கையை விரித்துவிட்டார்கள். மாமா இறந்து ஒரு வருடம் ஆகப் போகிறது. அவருடைய நினைவு ஆராதனை அடுத்த வாரத்துக்கு அடுத்த ஞாயிறு.

"போட்டோ இருக்கு, கட்டுக் கட்டா இருக்கு. குரல்தான் இல்ல" என்றார் அத்தை. "அன்னைக்கு சர்ச்சுல ஒரே ஒரு தடவ அவர் பாடறது கேக்கணும். அந்த மூணாவது சரணம். நீ படிச்சவ, பண்ணிடுவ இல்ல?"

"பண்ணிடலாம் அத்த."

"வெயில்ல வைக்காத. படுக்க வைக்காத, நிக்க வை. சாப்ட்ட கையோட தொடாத."

அத்தை மருத்துவமனையில் வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரிடம் எதை ஒப்படைத்தாலும் டியூட்டி மாறுவது மாதிரிதான் ஒப்படைப்பார்.

அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு என்னிடம், "உங்க அப்பாவும் இதுல பாடியிருக்காரு, தெரியும்ல?" என்றார். எனக்குத் தெரியும். சிறு வயதிலிருந்து நூறு முறை கேட்ட செய்தி அது. ஆனால் ரெக்கார்டு பிளேயர் எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை என்பதால் அந்தப் பாட்டை நான் கேட்டதில்லை, அம்மாவும் கேட்டதில்லை. அப்பா, "அதெல்லாம் கும்பல்ல ஒரு குரல், வுடு" என்று சொல்லிவிட்டு, ஏதோ வேலை இருப்பதுபோல வாசல் பக்கம் போய்விட்டார். அத்தை யாரையும் பார்க்காமல் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

நான் அப்போதுதான் பொறியியல் முடித்து வேலைக்கான உத்தரவுக்காகக் காத்திருந்தேன். வீட்டில் ஒரு அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் இருந்தது. ஆனால் அதன் நோய்கள் ஓயவில்லை. பிரவுசிங் சென்டர் ஃபிளாப்பியிலிருந்து வந்த வைரஸ் ஒருமுறை என் கல்லூரி புராஜெக்ட்டைத் தின்றது. இன்னொன்று திரையில் இருந்த எழுத்துகளையெல்லாம் மழை மாதிரி கீழே விழ வைத்தது. அதற்குப் பிறகு ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து ஆன்டிவைரஸ் போட்டேன். அப்பா அதை "மருந்து" என்றுதான் சொல்வார். "மருந்து அடிச்சியா?" என்று வாரம் ஒருமுறை கேட்பார்.

அப்பாவுக்கு டேனரியில் ஃபினிஷிங் செக்‌ஷனில் சூப்பர்வைசர் வேலை. பதப்படுத்திய தோலுக்கு நிறமும் மினுமினுப்பும் ஏற்றும் இடம் அது. வெள்ளிக்கிழமை மதியம் முதலாளிகளும் பாதித் தொழிலாளிகளும் ஜும்மா தொழுகைக்குப் போய்விடுவார்கள். அந்த நேரத்தில்தான் அங்கே எல்லா மெஷினையும் நிறுத்திக் கழுவுவார்கள். ஆன்டிவைரஸ் வாரம் ஒருமுறை தானாகவே முழுக் கம்ப்யூட்டரையும் சோதிக்கும்படி வைக்கலாம், எந்த நாள் வைக்கட்டும் என்று நான் கேட்டபோது அப்பா யோசிக்கவே இல்லை.

"மெஷின் கழுவறதுன்னா வெள்ளிக்கெழமதான். மத்தியானம் ஒரு மணி வை."

வைத்தேன். அதன் பிறகு அதை நான் மறந்தே போனேன்.

ரெக்கார்டு பிளேயரை மேல்விஷாரத்தில் இருந்த அப்பாவின் நண்பர் கொடுத்தார். தோல் வியாபாரி, நாங்கள் அவரை பாய் என்போம். மூடியிலேயே ஸ்பீக்கர் வைத்த பெட்டி மாதிரியான பிளேயர். அதைத் தன் காரிலேயே எடுத்துவந்து இறக்கினார்.

"பாப்பா, ஊசி புதுசு. நான் மாத்தி வச்சேன். வேல முடிஞ்சதும் திருப்பி கொடு, அவசரமில்ல. ஆனா உங்க அப்பன மட்டும் கிட்ட விடாத."

"ஏன் தோஸ்த், நான் இன்னா பண்ணேன்?" என்றார் அப்பா.

"நீ எதையும் சும்மா வைக்க மாட்டியே. என் மகன் கல்யாணத்துக்கு வந்தவன், மாப்ள ஷூவ கழட்டி பாலிஷ் போட்டவன் நீ."

பாய் சொன்னது மெய். எங்கள் வீட்டில் பளபளக்காத பொருளே கிடையாது. அம்மாவின் கைப்பை, என் சர்டிபிகேட் ஃபைல், பைபிள் அட்டை, டெலிபோன் எல்லாவற்றிலும் அப்பாவின் கை பட்டிருக்கும். வீட்டைவிட்டு வெளியே போகும் எதற்கும் அவர் மினுக்கு ஏற்றாமல் விடமாட்டார். யாருக்காவது புத்தகம் இரவல் கொடுத்தால்கூட, "பார்ட்டிக்கு போற சரக்கு, அப்டியேவா அனுப்பறது?" என்பார். நாங்கள் சிரித்திருக்கிறோம். அதற்கு மேல் அதைப் பற்றி நினைத்ததில்லை.

அந்தப் பழைய பிளேயரின் பின்பக்கத் துளைக்கும் என் கம்ப்யூட்டரின் துளைக்கும் பொருந்தக்கூடிய ஒயர் கையில் இல்லை. அதனால் முதலில் ஒரு சோதனைப் பதிவு செய்து பார்த்தேன்: ஸ்பீக்கருக்கு எதிரில் ஸ்டூல் போட்டு, அதன் மேல் ஹெட்போனில் இருந்த மைக்கைச் செய்தித்தாள் சுருளில் ஒட்டி நிறுத்தி, இரண்டாம் பக்கத்தை முழுவதும் ஓடவிட்டேன். காலை நேரம். அம்மா சமையலறையில் இருந்தார். அப்பா நடையில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார்.

மாமாவின் குரல் வந்தது. எனக்குத் தெரிந்த மாமா, இருமிக்கொண்டே பேசும் வயதானவர். இது இருபத்தெட்டு வயது ஆளின் குரல், எந்தச் சிரமமும் இல்லாமல் மேலே போய் அங்கேயே நின்றது. நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மூன்றாம் சரணத்தை அவர் தனியாகத் தொடங்குகிறார். பாதிக்கு மேல் ஆண்கள் குழு சேர்கிறது. குழு சேரப் போகும் இடத்தில், முகத்தில் சோப்பு நுரையோடு அப்பா அறைக்குள் வந்தார்.

"இதோ, இங்கதான் நான் வர்றேன், கேளு" என்று சொல்லி, ரெக்கார்டோடு சேர்ந்து உரக்கப் பாட ஆரம்பித்தார். சமையலறையில் குக்கர் நீளமாக விசிலடித்தது.

"அப்பா, ரெக்கார்டிங் ஓடுது!"

அப்பா பாட்டை நிறுத்தினார்.

"நான் இன்னா பண்ணேன்?"

அந்தப் பதிவு உபயோகமற்றது என்று அப்போதே முடிவு செய்தேன். ஒயர் செய்ய வேண்டும். பழைய ரேடியோ ஒயர் ஒன்றை அறுத்து, என் சால்டரிங் கம்பியை எடுத்து, இரண்டு நாளில் நானே செய்தேன்.

நல்ல பதிவுக்கு வெள்ளிக்கிழமை மதியத்தைத் தேர்ந்தெடுத்தேன். காரணங்கள் எல்லாம் சரியாக இருந்தன. எங்கள் தெரு வழியாகத் தோல் லாரிகள் போகும்போது வீடே அதிரும், ஊசி தாவிவிடும். ஜும்மா நேரத்தில் ஒரு லாரியும் ஓடாது. டேனரி மெஷின்கள் நின்றிருப்பதால் கரண்ட் குறையாமல் வரும். பிளேயர் சீராகச் சுற்றும். கடைகள் மூடியிருப்பதால் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். பாங்கு சொல்லி முடிந்து தெரு அடங்கியதும் ஊசியை வைத்தேன். மவுஸைத் தொட்டால்கூடக் கெட்டுவிடும் என்று பயந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பாட்டு ஒயருக்குள் ஓடிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரைக் குறைத்து வைத்துவிட்டு, ஊசியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். திரையின் மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் படம் சுழன்றுகொண்டிருந்திருக்க வேண்டும். அதை நான் பார்க்கவில்லை.

முடிந்ததும் முதல் பாட்டின் தொடக்கத்தைக் கேட்டேன். தெளிவாக இருந்தது. கடைசிப் பாட்டின் முடிவைக் கேட்டேன். தெளிவு. திரையில் ஒலி அலை இடைவெளி இல்லாமல் ஓடியிருந்தது. ஹார்ட் டிஸ்கில் இடம் குறைவாக இருந்ததால், குக்கர் விசில் அடித்த பழைய பதிவை உடனே அழித்தேன். குப்பைத் தொட்டிக்குக்கூட அனுப்பாமல், நேரடியாக.

அப்பா சாப்பிட வந்திருந்தார். சோறு பிசைந்துகொண்டே கேட்டார்.

"பாஸ் ஆயிடுச்சா?"

டேனரியில் ஒரு தோலைச் சோதிப்பவர் பாஸ் என்று சொன்னால்தான் அது ஃபினிஷிங்குக்குப் போகும். எங்கள் வீட்டில் பரீட்சை, தோசை, ஜாக்கெட் அளவு எல்லாவற்றுக்கும் அந்த வார்த்தைதான்.

"பாஸ்ப்பா" என்றேன். பிறகு வெற்று சிடி வாங்க பஜாருக்குப் போனேன்.

மாலை நான் திரும்பி வந்த சிறிது நேரத்தில் அப்பாவும் வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். அதை என் மேசையில் வைத்துப் பிரித்தார். உள்ளே ஒரு கருப்பு வட்டம். ஜன்னல், ஜன்னல் கம்பி, கம்பிக்கு வெளியே இருந்த முருங்கை மரம் எல்லாம் அதில் தெரிந்தன. என் முகமும் தெரிந்தது. வாய் திறந்திருந்தது.

"அக்கா பாத்தா அசந்துடும்" என்றார் அப்பா. "மொதல்ல தொடச்சு, வெல்வெட் சுத்தன கட்டைல லேசா ஒரு பூச்சு. அப்புறம் ஒரே ஒரு ஸ்ப்ரே. எக்ஸ்போர்ட் தோலுக்கு கடைசியா அடிக்கற டாப் கோட். தண்ணி ஊத்தனாலும் நிக்காது பாரு."

நான் விரல் நுனியால் தொட்டேன். ரெக்கார்டில் வழக்கமாக நகத்துக்கு ஒரு சொரசொரப்பு தட்டும். அது இல்லை. கண்ணாடி மேல் ஓடுவதுபோல நகம் வழுக்கியது.

"அப்பா, பாட்டு அந்தக் கோட்டுக்குள்ளதான் இருக்கு."

"எந்தக் கோடு?"

"நீங்க ரொப்பினீங்களே, அந்தக் கோடு."

ரெக்கார்டைப் பிளேயரில் வைத்தேன். ஊசி ஓரத்தில் இறங்கி, எதிலும் பிடிபடாமல், ஒரே சறுக்கில் நடுவுக்கு வந்து முட்டி நின்றது. மறுபடி வைத்தேன். மறுபடி அதே சறுக்கு. ஸ்பீக்கரில் துணி இழுபடும் ஓசை மட்டும் வந்தது. அப்பா இரண்டு முறையும் குனிந்து, வாயைத் திறந்தபடி பார்த்தார். தன் கை செய்த வேலை ஒன்றை அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"தின்னர் போட்டு எடுத்துடலாம்" என்றார்.

"தின்னர் ரெக்கார்டையே கரைச்சிடும்பா!"

"தண்ணில?"

"தண்ணி ஊத்தனாலும் நிக்காதுன்னு இப்பதானே சொன்னீங்க."

அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்தார். விஷயம் புரிந்ததும் சுவரில் சாய்ந்துகொண்டார். "அண்ணிக்கு நான் இன்னா பதில் சொல்வேன்? வெயில்ல வைக்காதன்னாங்க, சாப்ட்ட கையோட தொடாதன்னாங்க. ஸ்ப்ரே அடிக்காதன்னு சொல்லணும்னு யாருக்குத் தோணும்?"

"பாஸ்னு சொன்னாளே" என்றார் அப்பா, மெல்ல.

நான் பதறவில்லை. "பரவால்ல, பாட்ட ஏத்திட்டேன். கம்ப்யூட்டர்ல இருக்கு" என்றேன். அதை அவர்களுக்குப் போட்டுக் காட்டவே உட்கார்ந்தேன். முதல் சரணம் நன்றாகவே ஓடியது. இரண்டாவதிலும் குறை இல்லை. மூன்றாவதில் மாமா தொடங்கினார். இரண்டு வார்த்தைகளுக்குப் பிறகு ஒரு வார்த்தையின் தலையும் வேறொரு வார்த்தையின் வாலும் ஒட்டிக்கொண்டன. மறுபடி தொடங்கினார், மறுபடி தாவியது. யாரோ அவரைத் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டே பாடச் சொன்னதுபோல இருந்தது. சரணம் முடிவதற்குள் வரிகளில் பாதிகூட மிஞ்சவில்லை.

ஆன்டிவைரஸைத் திறந்து பார்த்தேன். வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்குச் சோதனை தொடங்கியது என்றும், முழுக் கம்ப்யூட்டரும் பார்க்கப்பட்டது என்றும், ஆபத்து எதுவும் இல்லை என்றும் எழுதியிருந்தது. அது ஹார்ட் டிஸ்கைக் கிண்டிக்கொண்டிருந்த நேரத்தில், பாட்டை எழுதிவைக்க அந்த ஏழை மெஷினுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. எழுத முடியாத துண்டுகளை அது விட்டுவிட்டு மிச்சத்தை ஒட்டிவிட்டது. அதனால்தான் அலையில் ஓர் இடைவெளியும் தெரியவில்லை.

ரெக்கார்டு போயிற்று. நல்ல பதிவு போயிற்று. மாமாவின் மூன்றாம் சரணம் முழுசாக இருந்த மூன்றாவது இடம், நான் மதியம் அழித்த குக்கர் விசில் பதிவு மட்டுமே.

அழித்த ஃபைல் உடனே மறைந்துவிடுவதில்லை. கம்ப்யூட்டர் அதன் பெயரை மட்டும்தான் அடிக்கிறது. உள்ளே இருப்பது, வேறு எதையாவது அதன் மேல் எழுதும்வரை அப்படியே கிடக்கும். எழுதினால் போயிற்று. அதே நேரத்தில் திரையில் ஒரு கட்டம் எழும்பியது: புதிய வைரஸ் பட்டியலை இறக்கிக்கொள்ளட்டுமா என்று ஆன்டிவைரஸ் கேட்டது. நான் டெலிபோன் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன்.

"யாரும் எதையும் தொடாதீங்க!"

"நான் தள்ளிதான் நிக்கறேன்" என்றார் அப்பா. உண்மையிலேயே வாசற்படிக்கு வெளியே நின்றிருந்தார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

பத்திரிகை சிடிகளைக் கொட்டித் தேடினேன். அழித்ததை மீட்கும் புரோகிராம் ஒன்று கிடைத்தது. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றாமல் சிடியிலிருந்தே ஓட்டினேன். நீண்ட பட்டியல் வந்தது. நடுவில் என் ஃபைல். பெயரின் முதல் எழுத்து மட்டும் போயிருந்தது. அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி. நான் ஓர் எழுத்தைக் கொடுத்து, டிஸ்கின் இன்னொரு பகுதிக்கு அதைக் காப்பாற்றச் சொன்னேன். பச்சைக் கோடு நகர்ந்தது. அம்மா கண்ணை மூடி ஜெபம் செய்தார். நான் ஜெபம் செய்யவில்லை, பச்சைக் கோட்டையே பார்த்தேன்.

முழுசாக வந்தது. மாமா பாடினார். அப்பா வந்தார். குக்கர் வந்தது. நான் அதட்டினேன்.

மறுநாள் சனிக்கிழமை மூன்று பேரும் வேலூருக்கு பஸ் ஏறினோம். ரெக்கார்டு அப்பாவின் மடியில் இருந்தது. என் பையில் மூன்று சிடிகள். ஒன்றில் மூன்றாம் சரணமே இல்லை. ஒன்றில் அது தாவித் தாவி இருந்தது. மூன்றாவதில் பாட்டு முழுவதும் ஒயர் வழிப் பதிவு, மூன்றாம் சரணம் மட்டும் மைக் பதிவு. அப்பாவின் குரலையும் குக்கரையும் தனியாக எடுக்கக் காலைவரை முயன்றேன். எதை எடுத்தாலும் மாமாவும் கூடவே வந்தார்.

அத்தை கதவைத் திறந்ததும் அப்பா ரெக்கார்டை நீட்டினார். பஸ்ஸில் வரும்போது ஏதோ சொல்லப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தார். அதையெல்லாம் விட்டுவிட்டு ரெக்கார்டை மட்டும் இன்னும் முன்னால் நீட்டினார். அத்தை அதை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பினார். அவர் முகமும் அதில் தெரிந்திருக்கும்.

"இன்னாடா இது?"

நானே சொன்னேன், நடந்த வரிசையில், எதையும் விடாமல். நான் முடித்ததும் அத்தை ரெக்கார்டை மேசையில் வைத்தார். படுக்க வைத்தார், இனி நிற்க வைக்கத் தேவையில்லை என்பதுபோல.

"குரல் இருக்கா, போய்ட்டுச்சா? அத மட்டும் சொல்லு."

"இருக்கு அத்த. ஆனா கூட நாங்களும் இருக்கோம்."

மூன்றாவது சிடியை அவருடைய சிடி பிளேயரில் போட்டேன். முதல் இரண்டு சரணங்களுக்கு அத்தை அசையவில்லை. மூன்றாவது தொடங்கியதும், இரைச்சலுக்கு நடுவே, மாமா மேலே போனார். அத்தையின் கை மேசை விளிம்பைப் பிடித்தது. அவ்வளவுதான் நான் பார்த்தேன். அதற்கு மேல் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிறகு அந்த இடம் வந்தது.

இதோ, இங்கதான் நான் வர்றேன், கேளு.

அத்தை சட்டென்று நிமிர்ந்தார். பிளேயரை நிறுத்தினார்.

"டேய், நீ எங்கடா அதுல வந்த?"

அப்பா தரையைப் பார்த்தார்.

"இவன் பாடவே இல்லையே" என்றார் அத்தை எங்களைப் பார்த்து. "மதராசுக்கு வந்தான், உண்மதான். ஸ்டூடியோல ரெண்டு தடவ பாடி பாத்தாங்க. சுருதி எங்கியோ போவுது. இவனாலதான்னு கண்டுபிடிச்சு, மாமாவே இவன வெளிய அனுப்பிட்டாரு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னுட்டு, 'நான் இன்னா பண்ணேன், நான் இன்னா பண்ணேன்'னு கேட்டுட்டே இருந்தான். எங்களுக்கு வாய் அசையறதுதான் தெரிஞ்சுது."

அம்மா எழுந்து நின்றுவிட்டார்.

"இல்லையா? பாடவே இல்லையா? எங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தப்போ இதத்தானே சொன்னாங்க? பையன் ரெக்கார்டுல பாடியிருக்காருன்னு? எங்க அப்பா அதுக்குத்தானே தலையாட்டனாரு? இருபத்தஞ்சு வருஷமா நான் வேல பாக்கற ஸ்கூல்ல எல்லா டீச்சர்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேனே!"

"சொன்னது நான் இல்ல" என்றார் அப்பா.

"பின்ன யாரு?"

"மாமா."

அத்தை ஆச்சரியப்படவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"ஆமா" என்றார் அத்தை. "அவர்தான் சொன்னாரு. பொண்ணு வீட்ல எல்லாரும் பாட்டுக்காரங்க, பையனுக்கு டேனரி வேலன்னதும் யோசிக்கறாங்கன்னு தெரிஞ்சுது. சட்டுன்னு அவரு, தம்பி எங்க ரெக்கார்டுல பாடியிருக்கான்னுட்டாரு. வீட்டுக்கு வந்து நான் கேட்டேன், ஏங்க பொய் சொன்னீங்கன்னு. வெளிய நிக்க வச்சது நான்தான, உள்ள கூப்புடறதும் நானே இருக்கட்டுமேன்னாரு."

"மாமா சொன்னப்புறம் நான் எப்படி இல்லன்னு சொல்றது?" என்றார் அப்பா. "அப்புறம் சொல்லிச் சொல்லி, எனக்கே எந்த எடத்துல வருவேன்னு தெரிஞ்சு போச்சு."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கிறாரா கோபப்படுகிறாரா என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கும் அது அந்த நேரத்தில் தெரிந்திருக்காது.

நான் என் வேலைக்குத் திரும்பினேன். "அத்த, மூணு சிடி இருக்கு. நாளைக்கு எத போடறதுன்னு நீங்கதான் சொல்லணும். சர்ச்சுல எல்லாரும் இருப்பாங்க. குக்கர் சத்தம் இருக்கு. நான் கத்தறது இருக்கு."

அத்தை மறுபடி பிளேயரை ஓடவிட்டார். கடைசிவரை கேட்டார். அப்பா பாடி நிறுத்திய பிறகும் மாமா தொடர்ந்து பாடி, சரணத்தை முடித்து, மூச்சு வாங்கியது வரைக்கும்.

"இதயே போடு."

"அத்த, பாஸ்டர் ஏதாவது..."

"அவருக்கு நான் சொல்லிக்கறேன். குரல் முழுசா இதுலதான இருக்கு?"

"ஆமா."

"அப்புறம் இன்னா?"

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மாமாவின் படத்துக்குப் பக்கத்தில் ரெக்கார்டையும் சாய்த்து வைத்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லாம் அதைப் பார்த்து, இத்தனை வருடம் எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார் பாருங்கள் என்று அத்தையைப் பாராட்டினார்கள். அத்தை தலையை ஆட்டிக்கொண்டார். அப்பாவைத் தனக்குப் பக்கத்தில், முதல் பெஞ்சில் உட்காரவைத்திருந்தார். அம்மாவும் நானும் அவர்களுக்குப் பின்னால்.

சிடி சுழல ஆரம்பித்தது. இரண்டு சரணங்கள். பிறகு திடீரென்று ஸ்பீக்கர்களில் இரைச்சல் கூடியது. மாமா தனியாகத் தொடங்கினார். அந்தப் பெரிய கட்டடத்தில் அந்தக் குரல் கூரைவரை போனது. ஆலயமே அசையாமல் இருந்தது. எல்லாரும் அதைக் கேட்டார்கள். அத்தை கேட்டார்.

இதோ, இங்கதான் நான் வர்றேன், கேளு.

பெஞ்சு பெஞ்சாகத் தலைகள் திரும்பின. யாரோ ஒருவர் 'இன்னாது' என்று உரக்கவே கேட்டார். பாஸ்டர் தலையைத் தூக்கினார். அத்தை மட்டும் திரும்பவில்லை. பக்கத்தில் குனிந்து உட்கார்ந்திருந்த அப்பாவை முழங்கையால் ஒரு இடி இடித்தார்.

"உன் எடம் வந்துடுச்சு, வாடா."

ஸ்பீக்கரில் அப்பா பாட ஆரம்பித்தார். பெஞ்சிலும் அப்பா பாட ஆரம்பித்தார். இரண்டும் ஒரே அளவுக்குச் சுருதி விலகியிருந்தன. அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். குக்கர் விசிலடித்தது. ரெக்கார்டிங் ஓடுது என்று என் குரல் ஆலயம் முழுவதும் அதட்டியது. ஸ்பீக்கரில் இருந்த அப்பா நிறுத்தினார். பெஞ்சில் இருந்தவர் நிறுத்தவில்லை.